வீடு தேடி வரும் மளிகை

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். மாதந்தோறும் நம் வீட்டு வாசலுக்கு மளிகைச் சாமான் வந்து சேர்கிறதல்லவா? அந்தச் சாமானைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது வந்து சேரும் பையைப் பற்றியே பேசப் போகிறேன். பையைப் பற்றி ஒரு பேச்சா என்று நீங்கள் நகைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அவ்வாறே நகைத்திருப்பேன்.

எங்கள் ஊர் ஆரணி. பட்டும் அரிசியும் எங்கள் ஊரின் இரு கண்கள். ஒரு தெருவில் தறியின் ஓசை. அடுத்த தெருவில் அரிசி ஆலையின் ஓசை. நான் சிறுவனாக இருந்தபோது கடைக்குப் போவதென்றால், ஒரு கையில் துணிப் பையும் மற்றொரு கையில் எண்ணெய்த் தூக்கும் இருக்கும். பருப்பும் மிளகும் காகிதப் பொட்டலமாக வரும். கடைக்காரர் தலைக்குமேல் தொங்கும் டப்பாவிலிருந்து நூலை இழுத்து, பொட்டலத்தைச் சுற்றி, ஒரே வெட்டில் அறுத்து முடிச்சிடும் வேகத்தை வியந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். வெல்லமும் புளியும் இலையில் மடித்துத் தரப்படும். வீட்டுக்கு வந்ததும் நூலை என் பாட்டியார் ஓர் உருண்டையில் சுற்றிவைப்பார். காகிதம் அடுப்புப் பற்றவைக்க உதவும். இலை மாட்டுக்குப் போகும். குப்பை என்று தெருவில் கொட்ட மிகுதியாக ஒன்றும் இராது.

அக்காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அச்சடித்த செய்தித்தாளில் வடையும் பஜ்ஜியும் மடித்துத் தின்றோம். அதன் மை உடலுக்குக் கேடு செய்யும் என்பதை அன்று நாங்கள் அறியோம். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டில் எச்சரித்தது. 2018ஆம் ஆண்டு விதிகளில் அதைத் தடையாகவே சேர்த்தது. ஆகவே பழையன யாவும் நல்லன என்று எண்ணிவிடக் கூடாது. பழையதில் எது பயன்படும், எது பயன்படாது என்று ஆராய்ந்து கொள்வதே கற்றவர் செயல்.

இனிச் செய்திக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று 2018ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அத்தடை நடைமுறைக்கு வந்தது. 14 வகைப் பொருள்கள் அதில் அடங்கும். எந்த அளவினதாயினும் எந்தத் தடிமனாயினும், பிளாஸ்டிக் கைப்பை அவற்றுள் ஒன்று. பின்னர் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. திருமண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தரும் அந்த மஞ்சள் துணிப் பையைக் கையில் வைத்திருப்பவனைப் பட்டிக்காட்டான் என்று நகரத்தார் ஏளனம் செய்த காலம் ஒன்று உண்டு. அதே பை இன்று அரசின் இயக்கத்துக்குப் பெயராயிற்று. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் 2022ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது.

இவை யாவும் நன்று. ஆனால் இவற்றை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். இவை எல்லாம் கடைக்குப் போகிறவனை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. கடைக்குப் போகிறவன் பையை எடுத்துப் போகலாம். கடையே வீட்டுக்கு வரும்போது என்ன செய்வது? 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக ஊரடங்கு வந்ததே, நினைவிருக்கிறதா? நம்முள் பலர் கடைக்குப் போகும் வழக்கத்தை அப்போதுதான் விட்டோம். தொலைபேசியில் பட்டியலைச் சொன்னால் சாமான் வாசலுக்கு வந்தது. தொற்று நீங்கிய பின்னும் அந்த வழக்கம் நீங்கவில்லை. மாமூல் கடையாயினும் சரி, பெருநகரங்களில் சில நிமிடங்களில் கொண்டுவந்து தரும் நிறுவனமாயினும் சரி, சாமான் நம்மிடம் வந்து சேர ஒரு பை வேண்டும். அந்தப் பை நம்முடையதன்று. நாம் வேண்டும் என்று கேட்டதுமன்று. ஆயினும் அது நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

என் வீட்டிலும் அப்படித்தான் தங்கியது. முழங்கால் வலியால் நான் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். தாளில் பட்டியலை எழுதி, சாமான் கொண்டுவரும் பையனிடம் கொடுத்துவிடுவேன். மறுநாள் சாமானோடு என் பட்டியலும், விலை குறிக்கப்பெற்று, உறையினுள் திரும்பி வரும். பருப்பு ஒரு உறை. மிளகாய் ஒரு உறை. இவை அனைத்தையும் சேர்த்துப் பெரியதாய் இன்னொரு உறை. தடை இருக்கிறதே என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர், "துணிப் பையில் கொடுத்தனுப்பினால் யார் ஐயா திருப்பித் தருகிறார்கள்? ஒரு பை போனால் அந்தச் சாமானில் எனக்கு வரும் இலாபமே போயிற்று" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆதலால் நான் வாயை மூடிக்கொண்டேன். பள்ளியில் முப்பதாண்டுக்கு மேல் சுற்றுப்புறத் தூய்மையைப் பற்றி மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன் நான்.

அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு கனமழை பெய்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு நெசவாளர் குடியிருக்கிறார். என்னிடம் படித்தவர். அவர் வீட்டில் இருப்பது குழித்தறி. குழித்தறி என்றால் என்னவென்று வெளியூர் மாணவர்கள் அறியாமலிருக்கலாம். நெசவாளர் தரையோடு ஒட்டி அமர்ந்து, தமக்கு முன்னே தோண்டிய குழியில் கால்களை விட்டு, மிதிகளை மிதித்து நெய்வார். தறி தரைமட்டத்தில் இருக்கும். அன்றிரவு தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. வடிய வழியில்லாத நீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே புகுந்து, முதலில் குழியை நிரப்பி, பிறகு தறியைத் தொட்டது. தறியில் மூன்று சேலைக்கான பாவு ஏற்றியிருந்தது. முதற் சேலை பாதிக்குமேல் நெய்தாகிவிட்டது. விடிந்து பார்த்தபோது பட்டில் சாக்கடைக் கறை படிந்திருந்தது, சரிகையிலும் ஏறியிருந்தது.

பட்டுத் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலாளி பட்டு நூலையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதையும் எடை போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். வாங்கிய நூலுக்கு நெசவாளர் பொறுப்பு. ஆதலால் அந்த ஓரிரவு மழை அவருக்குப் பல வாரக் கூலியைக் கொண்டு போனதோடு ஒரு கடனையும் வைத்துவிட்டுப் போயிற்று.

காலையில் தெருவார் சேர்ந்து சாக்கடையைக் கிளறினோம். மண்ணைக் காட்டிலும் மிகுதியாக வந்தவை பிளாஸ்டிக் உறைகளே. ஒன்றுக்குள் ஒன்றாய்ப் புகுந்து, சேறு நிரம்பி, கல்லைப் போல் இறுகியிருந்தன. அவற்றை வாரிக் குவித்தபோது, முடிச்சிட்ட ஓர் உறைக்குள் நனையாத ஒரு தாள் தெரிந்தது. பிரித்தேன். துவரம் பருப்பு ஒரு கிலோ, தனியா கால் கிலோ என்று வரிசையாக எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது.

அந்த நெசவாளர் அருகில்தான் நின்றார். தாளை அவரிடமே காட்டினேன். மறைக்க மனம் வரவில்லை. என்னால் இயன்ற தொகையைத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் வாங்க மறுத்து, "ஐயா, அந்த ஒரு கவராலா சாக்கடை அடைத்தது?" என்று கேட்டார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகவே அவர் அவ்வாறு கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஆறுதல் தரவில்லை. தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் அதையே சொல்லிக்கொள்ளலாமல்லவா? என் ஒரு உறையால் அடைக்கவில்லை, உன் ஒரு உறையால் அடைக்கவில்லை. ஆயினும் சாக்கடை அடைத்துக்கொண்டது. இவ்வாறு குற்றம் பங்கு போட்டுக்கொள்ளப்பட்டு மறைந்துபோக, நட்டம் மட்டும் ஒரே வீட்டில் தங்கிற்று.

இது எங்கள் தெருவில் மட்டும் நேர்ந்ததன்று. வங்காள தேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களில், வடிகால்களை மெல்லிய பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டதால் தீங்கு பெருகியது. 2002ஆம் ஆண்டில் அந்நாடு அத்தகைய பைகளைத் தடை செய்தது. உலகில் முதன்முதலாக இவ்வாறு தடை செய்த நாடு அதுவே. அதற்கும் முன்பே, 1998ஆம் ஆண்டில், நம் நாட்டின் சிக்கிம் மாநிலம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்திருந்தது.

சாக்கடையில் விழுந்த இலை மக்குகிறது, காகிதம் கரைகிறது, பிளாஸ்டிக் மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது? இதைப் பட்டைக் கொண்டே விளக்கலாம். பட்டு நூலும் பாலித்தீன் உறையும் ஒரு வகையில் உறவுடையவை. இரண்டும் சிறு சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்ற நீண்ட சங்கிலிகள். பட்டு ஒரு புரதம். அதன் கண்ணிகளை வெட்டவல்ல நொதிகள் இயற்கையில் உண்டு; புரதத்தை வெட்டித் தின்பது நுண்ணுயிர்கள் பன்னெடுங்காலமாகப் பழகிய தொழில். ஆகவே பட்டு மண்ணில் கிடந்தால் நாளடைவில் மக்கும். பாலித்தீனோ கரி அணுவும் கரி அணுவும் நேருக்கு நேர் பிணைந்த சங்கிலி, சுற்றிலும் ஹைட்ரஜன். அதில் நீர் ஒட்டாது. நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இல்லை என்றே சொல்லலாம். ஆகையால் அது மக்குவதற்கு மாறாக, வெயிலில் நைந்து துண்டாகி, துண்டு துகளாகி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகிறது. படவேட்டுப் பக்கமிருந்து வரும் கமண்டல நாகநதி எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. எங்கள் தெருச் சாக்கடையில் விழுந்தது மழைக் காலத்தில் ஆற்றைச் சேரும். ஆற்றைச் சேர்ந்தது கடலுக்கும் போகும்.

இந்தப் பாலித்தீன் எண்ணிச் செய்ததன்று. இங்கிலாந்தில் நார்த்விச் என்னும் ஊரிலிருந்த வேதியல் ஆய்வுக்கூடத்தில், ஃபாசெட், கிப்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்து வேறொன்றைச் சோதித்தபோது, கலத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று படிந்திருக்கக் கண்டனர். அதுவே பாலித்தீன். அதைக் கொண்டு, இரு கைப்பிடியோடு கூடிய பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் தூலின். 1965ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் ஒரு பையை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துவாராம். அவர் மகன் பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். செய்தவர் பலமுறை பயன்படுத்தினார்; நாம்தான் ஒரு முறையோடு எறியக் கற்றுக்கொண்டோம்.

பையின் குற்றம் அது பிளாஸ்டிக்கால் ஆனது என்பது மட்டுமன்று. அது திரும்பி வராதது என்பதே பெருங்குற்றம். போவது திரும்பி வரவேண்டுமானால், அதற்கு ஒரு கணக்கு வேண்டும். பட்டுத் தொழிலில் நூல் போவதற்கும் சேலை வருவதற்கும் எடைக் கணக்கு இருப்பதால்தான் ஒரு தோலா நூலும் வீணாவதில்லை. கோலி சோடாவை நீங்கள் அறிவீர்கள். காட் என்னும் ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த அந்தக் கண்ணாடிப் புட்டியைக் கடைக்காரர் எவரும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பமாட்டார். கொடுத்தால் முன்பணம் வாங்கிக்கொள்வார். ஆகையால் ஒரே புட்டி பல ஆண்டுகள் உழைத்தது. அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. நீலகிரிக் காடுகளில் உடைந்த புட்டிகள் யானையின் காலைக் கிழித்ததைக் கண்டு, உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலின்படி, 2022ஆம் ஆண்டில் அம்மாவட்டத்து மதுக்கடைகளில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றனர். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. குடிப்பவனுக்குத் திடீரென்று காட்டின் மேல் அன்பு பிறந்துவிட்டது என்று நான் கருதவில்லை. 10 ரூபாய்க்குக் கணக்கு வைத்தார்கள்; அது வேலை செய்தது.

இதை எண்ணிப் பார்த்து, எங்கள் தெருவில் 12 வீட்டார் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காடாத் துணி வாங்கி, தெருவிலிருந்த தையற்காரரைக் கொண்டு வீட்டுக்கு இரண்டு தொகுதிப் பைகள் தைத்தோம். ஒரு தொகுதி என்றால் பெரிய பை இரண்டு. அதனுள் வைக்க, வாய் சுருக்கும் நாடாவோடு சிறு பைகள் எட்டு. ஒவ்வொரு பையிலும் வீட்டின் இலக்கம் நூலால் தைக்கப்பட்டது. ஒரு தொகுதி கடையில் இருக்கும். மற்றொன்று வீட்டில் இருக்கும். கடைக்காரர் தம்மிடமுள்ள தொகுதியில் சாமானை நிறைத்து அனுப்புவார். பையன் அதை வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் காலித் தொகுதியை எடுத்துக்கொண்டு போவான். பை நம்முடையதாதலால், தொலைந்தால் கடைக்காரருக்கு நட்டமில்லை. அவர் முன்பு சொன்ன தடை இவ்வாறு நீங்கிற்று.

முதல் மாதம் இந்த ஏற்பாடு ஏறக்குறைய முறிந்தே போயிற்று. ஏன் என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஏனெனில், நல்ல எண்ணங்கள் பெரும்பாலும் சிறு இடையூறுகளாலேயே மடிகின்றன. தறியில் அமர்ந்திருப்பவர் பாதியில் எழமாட்டார். சாயம் தோய்ப்பவர் கையெல்லாம் சாயமாக இருக்கும். "வாசலில் வைத்துவிட்டுப் போப்பா" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார்கள். காலிப் பை உள்ளே கிடக்கும். பையன் காத்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகத் தாமதமாகும். அவனுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. நாம் செய்யும் நற்செயலின் செலவை அந்தப் பையன் தலையில் ஏற்றுவது அறமாகுமா? என் மனைவிதான் இதற்கு வழி சொன்னார். "வாசற்படிக்கு அருகில் ஓர் ஆணி அடியுங்கள். காலிப் பையை இரவே அதில் மாட்டிவைத்தால் அவன் யாரையும் கூப்பிட வேண்டாமே" என்றார். 12 வீட்டிலும் ஆணி அடித்தோம். அதன் பிறகு பையன் நிற்பதில்லை. மாட்டியிருப்பதை எடுத்து, கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

அடுத்த இடையூறு மழை. துணிப் பை நனைந்தால் சர்க்கரையும் உப்பும் கெடும். இதற்காக வண்டியின் பின்னால் மூடியுள்ள பெட்டி ஒன்றைக் கடைக்காரர் பொருத்தினார். அந்தப் பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனதுதான். "இது மட்டும் பிளாஸ்டிக் இல்லையா, தாத்தா?" என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பெட்டி வேறு. அரை மணி நேரம் உழைத்துவிட்டுச் சாக்கடைக்குப் போகும் உறை வேறு. நாம் விலக்க வேண்டியது ஒருமுறைப் பயன்பாட்டை.

இனி, எந்தச் சாமானை எவ்வாறு பெறுவது என்று சொல்கிறேன். பருப்பு, பயறு, மிளகாய், தனியா போன்ற உலர்ந்தவற்றுக்குச் சிறு துணிப் பை போதும். மாவு வகைகளுக்கு நெருங்க நெய்த துணி வேண்டும். பையை ஒவ்வொரு முறையும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி உதறி வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தையலில் தங்கிய மாவில் வண்டு வைக்கும். வெல்லம், புளி, எண்ணெய், தோசை மாவு ஆகியவற்றுக்கு மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது. பாத்திரத்தின் வெற்று எடையைக் கடையில் ஒரு முறை நிறுத்து, அதன் அடியில் வண்ணத்தால் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைக் கழித்து எடை போடுவது எளிதாகும். மீனும் இறைச்சியும் வாங்குவோர் அதற்கென்று தனிப் பாத்திரம் ஒதுக்க வேண்டும். காய்கறிக்கு வலைபோல் பின்னிய நூற்பை நல்லது, ஈரம் தங்காது. கீரையை வாழை நாரால் கட்டி, அப்படியே பெட்டியில் வைத்தால் போதும். அதற்கு உறையே வேண்டியதில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, துணிபோல் தோன்றுவதெல்லாம் துணியன்று. கடைகளில் வண்ண வண்ணமாக ஒரு பை தருகிறார்கள். தொட்டால் துணிபோலவே இருக்கும். அது பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளைப் பரப்பி, வெப்பத்தால் புள்ளி புள்ளியாய் அழுத்தி ஒட்டியது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் மாநிலத் தடையில் அதுவும் அடங்கியிருந்தது. அதைக் கண்டுகொள்ள ஆரணிப் பிள்ளைகளுக்குச் சோதனைச் சாலை வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாவும் இல்லை, ஊடையும் இல்லை என்றால் அது நெய்ததன்று.

இரண்டாவது, துணிப் பையும் வானத்திலிருந்து விழுவதன்று. பருத்திக்கு நீரும் உரமும் நிலமும் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. புவி வெப்பமடைதலை மட்டும் கணக்கிட்டால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக இருக்க, காகிதப் பையைக் குறைந்தது 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. இதைக் கேட்டு, துணிப் பையால் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு பை போய் வந்தால், 131 முறைக்கு இரண்டரை ஆண்டு ஆகும். வாரத்துக்கு மூன்று முறையானால் 44 வாரம், ஓராண்டுக்கும் குறைவு. நல்ல காடாத் துணிப் பை அதற்குமேலும் உழைக்கும். ஆனால் திருமணத்துக்குத் திருமணம், கடைக்குக் கடை புதிய துணிப் பை வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்தால், அந்த 131 என்றைக்கும் நிறைவேறாது. சுற்றுப்புறத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் வேறொரு குப்பையைச் சேர்த்தவர்களாவோம். ஆகவே பையின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். அது போய்வரும் நடை மிகுதியாக இருக்க வேண்டும். பழைய வேட்டியிலும் சேலையிலும் தைத்த பை இன்னும் சிறந்தது.

பெருநகரங்களில் படிக்கும் மாணவர்கள், "எங்கள் வீட்டுக்கு வருவது தெருக் கடையன்று, கைப்பேசி வழியே இயங்கும் நிறுவனம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் கொண்டுவருகிறார். அவரிடம் பையை எவ்வாறு மாற்றுவது?" என்று கேட்பீர்கள். உண்மை, அங்கே பழக்கமான முகம் இல்லை, ஆதலால் கணக்கும் இல்லை. ஆயினும் செய்யத்தக்கன உண்டு. நாளுக்கு நான்கு முறை சிறிது சிறிதாக வரவழைப்பதை விடுத்து, வாரத்துக்கு ஒரு முறை பட்டியலிட்டு மொத்தமாக வரவழைத்தால் உறைகள் பெரிதும் குறையும். கொண்டுவருபவரிடம் உங்கள் கூடையை நீட்டிச் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அப்போதே திருப்பிக் கொடுக்கலாம். குடியிருப்பிலுள்ளோர் அனைவரும் கையொப்பமிட்டு, பையைத் திரும்பப் பெறும் வசதி வேண்டும் என்று அந்நிறுவனத்துக்கு எழுதலாம். ஒருவர் எழுதினால் அது முறையீடு. ஒரு குடியிருப்பே எழுதினால் வணிகர் செவிசாய்ப்பர். வணிகர்க்கு வாடிக்கை பெரிது.

எங்கள் ஏற்பாட்டில் இன்றும் குறைகள் உண்டு. எண்ணெயும் பாலும் இன்னும் பலருக்கு உறையில்தான் வருகின்றன. 12 வீட்டாரில் இருவர் இடையில் விலகினர். பின்னர் வேறு ஐவர் சேர்ந்தனர். சென்ற மழைக் காலத்துக்கு முன் சாக்கடையைத் தூர் வாரியபோதும் உறைகள் வந்தன. முன்போல் கல்லாய் இறுகியிருக்கவில்லை. அந்த நெசவாளர் வீட்டுக் குழியில் அதன் பின்பு நீர் ஏறவில்லை. அதற்கு எங்கள் பைகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அன்றிரவுபோல் கனமழையும் பின்னர்ப் பெய்யவில்லை. ஆனால் மழை வரும்போதெல்லாம் நான் அவர் வீட்டுத் திசையை அஞ்சி நோக்குவது சற்றுக் குறைந்திருக்கிறது.

மாணவர்களே, ஆசிரியனாய் இருந்து பழகியவன் வீட்டுப்பாடம் கொடாமல் பேச்சை முடிக்க இயலாது. நாளை முதல் ஏழு நாள், உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வோர் உறையையும் எறியாமல் ஒரு கூடையில் சேர்த்துவையுங்கள். ஏழாம் நாள் மாலை, வீட்டாரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, இவற்றுள் எவை இல்லாமலே சாமான் வந்திருக்கக்கூடும் என்று கேளுங்கள். தாயார் இரண்டைச் சொல்வார். தந்தையார் ஒன்றைச் சொல்வார். பிறகு உங்கள் கடைக்காரரிடம் போய், அவருக்கு என்ன இடையூறு என்று பணிவோடு கேட்டறியுங்கள். அவர் சொல்வதைக் கேட்காமல் நீங்கள் செய்யும் எந்த ஏற்பாடும் ஒரு மாதம் நிற்காது.

பையைத் தைப்பதும் ஆணி அடிப்பதும் அதன் பின்னால் செய்ய வேண்டியவை.